அடுத்து என்ன: கோடை விடுமுறை நாட்குறிப்பு, 2025

ஏப்ரல் 28, திங்கள்

ஞாயிற்றுக்கிழமை பள்ளி வேன் வராது என்பது தம்பிக்குத் தெரியும். தம்பி என்று வீட்டில் நாங்கள் கூப்பிடுவது என் மகனை. திங்கட்கிழமையும் வரவில்லை என்றால் அவனுக்கு ஒன்றும் புரியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளை, ஒன்பது வயதாகிறது, பேச்சு சில சொற்கள்தான். அன்றன்றைய வேலைகளை அவனுக்காகக் கதவில் படவரிசையாக ஒட்டிவைப்போம். அதனால் நேற்று இரவே அங்கிருந்து வேன் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆவின் பூத் படத்தை ஒட்டி அவனிடம் காட்டினேன். எழுந்திருப்பது, குளியல், இட்லி எல்லாம் பள்ளி நாளின் அதே நேரத்தில்தான். வேன் வரும் 8.10க்குச் செருப்பு மாட்டிக்கொண்டு பூத் வரை நடை. வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி படத்தைக் காட்டியதும் நடந்தான்.

வரைந்த படங்கள் எங்களுக்கு அவ்வளவாக உதவவில்லை. அவனுடைய வாளி, அவனுடைய தட்டு, எங்கள் தெரு பூத் என்று போனில் எடுத்த படங்கள்தான் வேலை செய்கின்றன. லேமினேட் செய்து பின்னால் வெல்க்ரோ ஒட்டியிருக்கிறேன். ஒரு வேலை முடிந்ததும் அவனே பிய்த்து ‘முடிந்தது’ டப்பாவில் போட வேண்டும். போடும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மே 2, வெள்ளி

நாத்தனார் போனில் சொன்னார்: “லீவுலயாவது பிள்ளைய அவன் இஷ்டத்துக்கு விடேன், எதுக்கு எப்பவும் டைம்டேபிள்?” அவர் பாசத்தில்தான் சொல்கிறார், ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத குழந்தை எப்படி ஓய்வாக இருக்கும்? 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தை விவரித்தபோதே, எல்லாம் அப்படியே மாறாமல் இருக்க வேண்டும் என்ற அவர்களுடைய தவிப்பை எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் வட கரோலினாவில் உளவியலாளர் எரிக் ஷோப்லர் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக வளர்த்தெடுத்த டீச் (TEACCH) என்ற கற்பித்தல் முறையும், நாளைக் கண்ணால் பார்க்கும்படி வைப்பதில்தான் நிற்கிறது. இதைக் கண்டிப்பு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அவன் இஷ்டத்துக்கான நேரமும் கதவில் இருக்கிறது. பதினொரு மணிக்கு ஊஞ்சல் படம். அந்த நேரத்தில் யாரும் அவனுக்கு எதையும் கற்றுக்கொடுக்கக் கூடாது.

மே 5, திங்கள்

நேற்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். எட்டு மணிக்கே மதுரை கொதிக்கிறது. நடையை ஏழு மணிக்குக் கொண்டுபோயாக வேண்டும், ஆனால் 8.10 காலியாகிவிடக் கூடாது. அங்கே வாசல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் படம் வந்தது.

இதற்குத்தான் மஞ்சள் நிற ‘மாற்றம்’ அட்டை. விடுமுறைக்கு முன்பே அதைப் பழக்க ஆரம்பித்தோம், அதுவும் அவனுக்குப் பிடித்த மாற்றங்களை வைத்து மட்டும். உப்புமா படத்தின் மேல் மஞ்சள் அட்டை, பக்கத்தில் பூரி. குளியல் படத்தின் மேல் மஞ்சள் அட்டை, பக்கத்தில் டப் நிறையத் தண்ணீர். கெட்ட செய்தி வரும்போது மட்டும் அட்டையை எடுத்தால், அட்டையைப் பார்த்தாலே குழந்தை அலறும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கரன்ட் கட்டுக்கும் இதே வழிதான். பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். முதல் நாளே மின்விசிறி படத்தின் மேல் அட்டையை ஒட்டிவிடுகிறேன்.

மே 12, திங்கள்

இன்று அழகர் வைகையில் இறங்கினார். விடிவதற்கு முன்பே ஒலிபெருக்கி. கூட்டத்துக்கு நடுவே, தண்ணீர் பீய்ச்சுகிற இடத்தில் தம்பியால் நிற்க முடியாது. அக்காவும் அப்பாவும் ஆற்றுக்குப் போனார்கள், நானும் அவனும் டிவியில் பார்த்தோம். சத்தத்தைக் குறைத்து, அவன் காதில் ஹெட்ஃபோனும் மாட்டி.

அத்தைக்கு மனசு ஆறவில்லை. “அழகரைப் பாக்காம வளர்ற பிள்ளையாம்மா இது?” என்று கண் கலங்கினார். எனக்கும் தொண்டை அடைத்தது. பண்டிகை அவனுக்கும் உரியதுதானே. அப்புறம் அத்தையே ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கல் எடுத்துவந்து, அதைப் போனில் படம் எடுத்துக்கொடுக்கச் சொன்னார். அடுத்த வருடம் கதவில் ஒட்டுவதற்காம். இத்தனை வருடத்தில் அந்தக் கதவுக்காக அவர் கேட்ட முதல் படம்.

மே 20, செவ்வாய்

தெரபி சென்டர் வாசல் வரை போனோம், பூட்டியிருந்தது. ஒரு வாரம் லீவு என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வாட்ஸாப் செய்தி போதுமே. பெரியவர்களுக்கு அது வீண் அலைச்சல், அவ்வளவுதான். இவனுக்கு அன்றைய நாளே உடைந்துபோகிறது. தரையில் உட்கார்ந்து தலையைச் சுவரில் இடித்துக்கொண்டான். பேசவில்லை நான், தலைக்கும் சுவருக்கும் நடுவே கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் எந்த அட்டையும் கண்ணில் ஏறாது. அழுகை தணிந்த பிறகு பையிலிருந்த மஞ்சள் அட்டையைக் காட்டி, பக்கத்தில் வீட்டுப் படத்தை வைத்தேன். ஆட்டோவில் ஏற வெகுநேரம் ஆனது.

மே 27, செவ்வாய்

பள்ளிக்குத் தயாராகும் வாரம். தூங்கும் நேரம் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது, தினமும் கால் மணி நேரமாக முன்னே இழுக்கிறோம். புதுச் சீருடையைப் பலமுறை துவைத்து, கழுத்து லேபிளை வெட்டி, மாலையில் சிறிது நேரம் போடப் பழக்குகிறேன். ஷூவும் அப்படியே. அட்மிஷனுக்காகப் பள்ளி அலுவலகம் திறந்திருக்கிறது. அனுமதி கேட்டு, புது வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர் குழாய் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். அவற்றைச் சிறு புத்தகமாகத் தைத்து இரவில் படிக்கிறோம். காலண்டரில் முடிந்த தேதியை அடிக்கிற வேலை அவனுடையது.

ஜூன் 2, திங்கள்

வேன் வந்தது, ஏறினான். சாயங்காலம் வந்ததும் சீருடையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொண்டான். இந்த வாரம் சாயங்காலங்களில் வேறு எதுவும் கிடையாது, தெரபிகூட அடுத்த வாரம்தான். புது மிஸ் அந்தச் சிறு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வகுப்புக்கும் இப்படிப் படவரிசை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பாடவேளை விவரத்தை அனுப்பியிருக்கிறார், நாளை லேமினேஷன் கடைக்குப் போகிறேன்.