பாராமகாலிலிருந்து பார்த்தால் லிபரலிசம்

தனிமனித சுதந்திரம், சொத்துரிமை, சந்தைக்கு விடுதலை என்று பேசும் லிபரலிசம், அதாவது தாராளவாதம், செத்துவிட்டது என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். ஹங்கேரிப் பிரதமராக இருந்த ஓர்பன் 2014லேயே தன் நாடு இனி தாராளவாத நாடாக இருக்காது என்று மேடையில் சொன்னது, 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக பிரிட்டன் வாக்களித்த பிரெக்ஸிட், அப்புறம் டிரம்ப் என்று வரிசையாக உதாரணம் வருகிறது, எல்லாம் மேற்கத்திய உதாரணம். தருமபுரிக்காரனான எனக்கு இதில் பெரிய ஆதங்கம். இந்தச் சிந்தனை நம்ம மண்ணைத் தொட்டு இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அது இங்கே செய்ததும் செய்யத் தவறியதும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கின்றன, ஆனால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலை, அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தை, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலத்தை அளந்து, நடுவில் ஜமீன்தார் இல்லாமல் உழவனோடு நேரடியாக வரிக்கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். மன்றோவை லிபரல் என்று சொல்ல மாட்டேன், அவருக்கு வேண்டியது வரி வசூல். ஆனால் தனிமனிதன், அவன் பெயரில் சொத்து, அதற்கு அரசின் சீட்டு என்ற மூன்றும் சேர்ந்து வந்தது அப்போதுதான். பிற்பாடு இதற்கு லண்டனில் கம்பெனி அலுவலகத்தில் இருந்துகொண்டு பொருளாதார நியாயம் சொன்னவர் ஜேம்ஸ் மில். அவர் மகன் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் அதே கம்பெனியில் 1823 முதல் 1858 வரை வேலை பார்த்தவர். தனிமனித சுதந்திரத்தைப் பற்றி உலகமே கொண்டாடும் புத்தகத்தை 1859இல் வெளியிட்ட இதே மனிதர், இந்த நியாயம் 'பின்தங்கிய' மக்களுக்குப் பொருந்தாது என்று அந்தப் புத்தகத்திலேயே எழுதி வைத்தார். அவருக்கு முன்னோடியான ஜான் லாக், அடிமை வியாபாரம் செய்த கம்பெனியில் பங்கு வாங்கியவர். சுதந்திரம் யாருக்கு என்ற கேள்வி இந்தக் கருத்தின் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது, நேற்று முளைத்த நெருக்கடி இல்லை.

இந்தக் கருத்தின் சந்தை நம்பிக்கை உயிரைக் குடித்தது தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை. சேலம் ஜில்லா (நாமும் அன்று அதற்குள்தான்) கடுமையாக அடிவாங்கிய பகுதிகளில் ஒன்று. வைஸ்ராய் லிட்டன் தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக்கூடாது, விலையைச் சந்தையே சரிசெய்துகொள்ளும் என்று பிடிவாதமாக நின்றார். அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாக் காசும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம், அதை வைத்துக்கொண்டு கல் உடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும். சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் இது ஆளைக் கொல்லும் கூலி என்று சண்டை போட்டார், மாதங்கள் கழித்துத்தான் கூலி உயர்ந்தது. இதே டெம்பிள் 1873-74இல் பீகாரில் பர்மாவிலிருந்து அரிசி தருவித்து பட்டினிச் சாவைத் தடுத்தவர், அதற்காக வீண்செலவு செய்தார் என்று திட்டு வாங்கியவர். தென்னிந்தியாவில் அவர் கைகளைக் கட்டிப்போட்டதும் சந்தையின் மேல் வைத்த அந்தக் குருட்டு நம்பிக்கைதான். செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

பஞ்சம் முடிகிற 1878ஆம் வருஷக் கடைசியில் ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறக்கிறார். அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம். 1959இல் சுதந்திரா கட்சி தொடங்கி, தொழில் செய்ய எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்கும் லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யம் என்று நேருவின் அரசை வறுத்தெடுத்தவர் அவர்தான், அந்தக் கட்சி 1967 தேர்தலில் மக்களவையில் 44 இடம் பிடித்தது. அவரை இந்திய லிபரல்களின் தலைமகனாக வைத்துப் பேசுவார்கள். ஆனால் 1937இல் சென்னை மாகாணப் பிரதமராக (இன்றைய முதல்வர் பதவி போல) வந்ததும் நம்ம சேலம் ஜில்லாவில்தான் முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார், அடுத்த வருஷம் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்தவர்களைக் குற்றவியல் திருத்தச் சட்டத்தில் பிடித்து உள்ளே போட்டார். வியாபாரத்துக்கு விடுதலை கேட்ட அளவுக்கு மறியல்காரனின் விடுதலையை அவர் மதிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

உலகத்திலும் இதே கதைதான் ஓடியது. 1929 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் ஜெர்மனியில் நாஜிகள் வந்தார்கள், போருக்குப் பின் பிரிட்டன் போன்ற நாடுகள் மருத்துவம், ஓய்வூதியம் என்று மக்களைத் தாங்கிப்பிடித்துச் சமாளித்தன, 1979இல் தாட்சர் வந்து மறுபடியும் சந்தையே எல்லாம் என்றார், 2008இல் வங்கிகள் விழுந்தபோது அரசுதான் கை கொடுத்தது.

ஆனால் இந்தக் கருத்துக்கு இன்னொரு பாதி உண்டு. அரசு தன் இஷ்டத்துக்கு மனுஷன் மேல் கை வைக்க முடியாது, வைத்தால் சட்டத்தின் முன் நிற்க வேண்டும் என்பது. அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். பழங்குடி ஜனங்களை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள், 18 பெண்களை வன்புணர்ந்தார்கள், வீடுகளை உடைத்து நாசம் செய்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கோர்ட்டுக்கு நடையாய் நடந்து சிபிஐ விசாரணை வாங்கின. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி கோர்ட் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது, அன்றைய கலெக்டர், எஸ்பி, மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அரசும் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று லாக் 1689இல் புத்தகமாக வெளியிட்டது இந்த ஜில்லாவில் நிஜமானது செங்கொடிக்காரர்களால்தான் என்பதை லிபரல்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அரசு மட்டும்தான் மனுஷனை நெரிக்கிறதா? 2012 நவம்பரில் ஒரு பெண்ணும் பையனும் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதற்காக நம்ம ஜில்லாவில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் காலனிகள் எரிந்தன. ஊரும் சாதியும் சேர்ந்து ஒருத்தன் கழுத்தைப் பிடிப்பதை எப்படித் தடுப்பது என்று மில் கொஞ்சம் யோசித்திருக்கிறார், சமூகத்தின் கொடுங்கோன்மை அரசின் கொடுங்கோன்மையை விட ஆழமாக இறங்கும் என்று எழுதியும் இருக்கிறார். வயது வந்த இருவர் சம்மதித்தால் குடும்பத்தின் அனுமதியோ ஊரின் அனுமதியோ தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது, அப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும் என்றும் சொன்னது. ஜிஎஸ்டி விகிதத்துக்கும் தனியார்மயத்துக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிற நம்ம ஊர் லிபரல் நண்பர்கள் அந்தப் பாதுகாப்பு இல்லங்கள் எங்கே என்று கலெக்டர் ஆபீஸில் போய் ஒரு மனு கொடுக்கட்டும், முதல் ஆளாக நானும் கையெழுத்துப் போடுகிறேன்.