நெல் மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஒலிப்பதிவு

பெரியப்பா பேசுவதைப் பதிவு செய்து பாட்காஸ்ட் ஆக்க வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீடாமங்கலம் மூணாறு தலைப்பு மதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிந்த பிறகு எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை, கடைமடைக்கு எப்போது எட்டும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

மார்கழியில் முதல் முயற்சி. கைபேசியைக் கூடத்து மேசையில் வைத்துப் பேசச் சொன்னேன். கேட்டுப் பார்த்தால் பெரியப்பா கிணற்றுக்குள் இருந்தார். தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கிதான் எதிரே உட்கார்ந்து பேசியது. சிமெண்டுத் தரை, வெறும் சுவர், வாய்க்கும் மைக்குக்கும் நாலடி. தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் 6 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) குறைந்துவிடும், அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே நிற்கும். இது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

தையில் ஆயிரம் ரூபாய்க்குள் சட்டையில் குத்தும் மைக் ஒன்று வாங்கினேன். அது அவருக்கு. கேள்வி கேட்கும் எனக்குப் பழைய இயர்போனில் இருக்கும் மைக்கே போதும். இரண்டு கைபேசியிலும் தனித்தனியே பதிவு, தொடக்கத்தில் ஒரு கைதட்டல். இலவச மென்பொருளான அடாசிட்டியில் இரண்டு பதிவுகளையும் திறந்து, ஒலி அலைப்படத்தில் தட்டல் ஊசி போல நிமிர்ந்து நிற்கும் இடங்களை ஒன்றாக வைத்தால் பேச்சு பொருந்திவிடுகிறது. நேரம் ஆக ஆக இம்மி விலகும் என்பதால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டோம். "பஜனையா நடக்கிறது, தம்பி?" என்றார் பெரியப்பா.

அவர் கதையில் பகரம் அதிகம்: பொன்னி, பாமணி, பாய்ச்சல். ஒவ்வொரு 'பொ'வுக்கும் மைக்கில் புயல் அடித்தது. மைக்கை இரண்டாவது பொத்தானுக்கு இறக்கிக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினேன், அடங்கியது. சார்ஜரில் மாட்டியபடி பதிந்த பகுதி முழுக்க ரீங்காரம், கழற்றியதும் போய்விட்டது.

மாசியில் சம்பா அறுவடை முடிந்தது. கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை வரும்வரை அறுபது மூட்டை நெல் பின்கட்டு அறைக்கு வந்தது. இரண்டு சுவர்களை மறைத்து ஆள் உயரத்துக்கு அடுக்கினார்கள். கூடத்தில் விருந்தாளிகள். வேறு வழியில்லாமல் மூட்டைகளுக்கு இடையே இரண்டு முக்காலி போட்டோம். அம்மா எட்டிப் பார்த்து, "எலி பிடிக்கவா உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்றார்.

அன்று இரவு கேட்டபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. எதிரொலி இல்லை, பெரியப்பா மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போவதுகூடத் தெளிவாக இருந்தது. நெல்மணிகளுக்கு இடையே உள்ள காற்று இடுக்குகளில் ஒலி நுழைந்து தேய்ந்துவிடுகிறது. அடுக்கு தடிமனானது என்பதால் அடிக்குரலின் முழக்கமும் தப்புவதில்லை. சுவரில் ஒட்டும் நுரைப் பலகைக்கு விலை விசாரித்து வைத்திருந்தேன், நல்லவேளை வாங்கவில்லை. சுணைதான் தொல்லை. அவர் கழுத்தைச் சொறியும்போதெல்லாம் மைக் கரகரத்தது.

எஞ்சிய இரைச்சலுக்கு ஒரு வழி உண்டு. பேசுவதற்கு முன் ஐந்து விநாடி சும்மா இருந்து அறையின் சத்தத்தை மட்டும் பதிந்து, அதை மாதிரியாகக் காட்டினால் அடாசிட்டி அதைக் குறைத்துக் கொடுக்கும். பேராசையில் 24 டெசிபெல் குறைத்தேன். பெரியப்பா தண்ணீருக்கு அடியிலிருந்து பேசினார். இப்போது 6க்கு மேல் போவதில்லை. ஒற்றைத் தடத்தில் (மோனோ) விநாடிக்கு 64 கிலோபிட் வீதம் எம்பி3 ஆக்கினால் அரை மணி நேரம் சுமார் 14 எம்பி, உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடலாம்.

பங்குனியில் லாரி வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது. நான்காவது பதிவில் கிணறு திரும்பிவிட்டது. காலிச் சாக்குகளைக் கொடியில் தொங்கவிட்டேன். கணீரென்ற எதிரொலி குறைந்தது, அடிக்குரலின் முழக்கம் குறையவில்லை. இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டைச் சுவரில் சாத்தியபோது பரவாயில்லை, மாசியின் தரம் இல்லை.

விதைக்கென்று நிறுத்திய ஆறு மூட்டைகள் மட்டும் இன்னும் மூலையில் இருக்கின்றன. நாற்றங்கால் விடும்வரை அவற்றைப் பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்த்தி வைக்க அப்பாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். சித்திரையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பகலில் உட்கார முடியாது, அதனால் அடுத்த பதிவு விடியற்காலை ஐந்து மணிக்கு. மயில்கள் அகவாமல் இருக்க வேண்டும்.