என்ன பூவடா அது?

ரீச்சர் காலமான செய்தி நம் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது இங்கே இலையுதிர்காலம் தொடங்கியிருந்தது. இந்த வசனத்தைக் கண்டால் சிவப்பு மையால் கோடு போட்டு, "தொடங்கினதை எதில கண்டனீ?" என்று கேட்டிருப்பார்.

நான்காம் வகுப்பின் வெள்ளிக்கிழமைக் கட்டுரைப் பாடம் உங்களுக்கும் நினைவிருக்கும். கொப்பியை மேசையில் விட்டுவிட்டு முற்றத்தில் 10 நிமிடம். பேச்சு மூச்சு இல்லை. திரும்பி வந்து 6 வசனம்: கண்டது இரண்டு, கேட்டது இரண்டு, மணத்தது ஒன்று, தொட்டது ஒன்று. 'அழகான', 'இனிமையான' எழுதினால் தொலைந்தோம். ஆவணியில் தொடங்கி இரண்டிரண்டு மாதமாக கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஒப்புவிக்கிறவனை அவர் மெச்சியதே இல்லை. தாழ்வாரத்தில் போட்ட சட்டை மூன்றாம் நாளும் காயவில்லை என்று மழைக்காலத்தை எழுதியவள்தான் கெட்டிக்காரி. (அவர்தான் இப்போது நம் பொருளாளர். சந்தா பாக்கியையும் அதே நுணுக்கத்தோடு எழுதுகிறார்.)

எனக்கு வாய்த்தது இளவேனில். 10 நிமிடமும் பெருவிரலால் மண்ணைக் கிளறிவிட்டு, அண்ணாவின் பழைய கொப்பியில் பாடமாக்கியதை எழுதிக் கொடுத்தேன்: 'வண்ண வண்ணப் பூக்கள் பூத்துக் குலுங்கும்.' ரீச்சர் உரத்து வாசித்தார்.

"என்ன பூவடா அது?"

தெரியாது.

"சரி, என்ன நிறம்?"

"வண்ண வண்ணம், ரீச்சர்."

வகுப்பு சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. அவர் சிரிக்கவில்லை. என் தோளிலிருந்து எதையோ கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்தார். வேப்பம்பூ. நகத்தில் அடங்கும் அளவு, ஐந்து வெள்ளை இதழ், தேன் வாசம். நான் நின்றது வேம்புக்குக் கீழே.

"உன்ர தோளிலயே வந்து இருந்திருக்கு."

அந்தத் தவணை முழுக்க எனக்குப் பட்டம் 'வண்ண வண்ணம்'. சிலர் இன்னும் விடவில்லை.

இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு நானும் கட்டுரை படிப்பிக்கிறேன். முறை ரீச்சருடையதுதான், முற்றம் மட்டும் இல்லை. வெளியே கூட்டிப்போக ஒவ்வொரு பெற்றோரிடமும் கையொப்பம் வாங்க வேண்டும். அதனால் இலையுதிர்காலத்தைத் திரையில் காட்டுகிறேன். போன மாதம் ஒரு சின்னவள் கேட்டாள்: "சேர், இது என்ன மணம் மணக்கும்?" வாசலில்தான் குவிந்து கிடக்கிறது. நான் குனிந்து பார்த்ததில்லை.

இதை எழுதும்போது, ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளை 6 வசனத்தில் எழுதிப் பார்த்தேன். வேம்பு பூத்திருந்ததா, உதிர்ந்திருந்ததா, வெயிலா, மழையா, ஒன்றும் வரவில்லை. பெட்டியின் பூட்டைத்தான் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.