டொல்பின் வேனின் ஓட்டோ கியர்: கியர் பெட்டியை இறக்குவதற்கு முன் பார்த்தவை

பழைய சோனகத் தெருவில் பைப்பும் பெயின்டும் ஏற்றி, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வத்தளைப் பக்கக் கடைகளில் இறக்குவது என் தொழில். ஓடுவது ஒரு டொல்பின் ஹயேஸ், டொயோட்டாவின் பழைய வேன். டீசல், நாலு கியரையும் கம்ப்யூட்டரே மாற்றும் எலெக்ட்ரோனிக் ஓட்டோ. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதன்பிறகு இந்த வேனை விற்று வேறொன்று வாங்கும் எண்ணமே எனக்கு வரவில்லை. இறக்குமதியைத் திரும்பத் திறந்தபோது வரியைப் பார்த்ததும் சுத்தமாகவே விட்டுவிட்டேன்.

காலையில் வேன் நன்றாக ஓடும். பதினொரு மணி வெயிலில் ஆமர் வீதிச் சந்தி நெரிசலில் கொஞ்ச நேரம் நின்று ஊர்ந்த பிறகுதான் வினை தொடங்கும். டி-யில் போட்டு மிதித்தால் முதல் கியரில் ஒழுங்காகக் கிளம்பும். இரண்டாவது விழ வேண்டிய இடத்தில் இழுவை அப்படியே செத்துவிடும். பாரத்தோடு புதுக்கடை ஏற்றம் என்றால் சொல்லவே வேண்டாம், பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தே கொல்வான். பின்னேரம் ஆறவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

முதலில் காட்டிய கராஜில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, ஸ்லிப் ஆகுது. பெட்டி போயிட்டுது. ரீகண்டிஷன் ஒண்டு போடுவம்” என்றார் பாஸ். கையோடு பற்றரி வயரையும் கழற்றிப் பூட்டினார். வேனின் கம்ப்யூட்டர் நினைவில் ஏதாவது பழுதுக் கோட் (பழுதைச் சொல்கிற எண்) இருந்திருந்தால் அந்த நிமிடமே அழிந்திருக்கும். பெட்டிக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டதும், யோசித்துச் சொல்கிறேன் என்று வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஸ்லிப் என்ற பேச்சுத்தான் எனக்கு இடித்தது. கிளச் தட்டு வழுக்கினால் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. என் வேனில் நடந்தது நேர் எதிர்: எஞ்சின் சுற்று சடாரென்று இறங்கி முனகும். ஏற்றத்தில் சைக்கிள்காரன் பெரிய கியரில் மாட்டிக்கொண்ட கதை. பெட்டி வழுக்கவில்லை, தப்பான கியரில் விழுகிறது என்று அப்போதே ஒரு சந்தேகம்.

தெமட்டகொடையில் சின்னதாக வேலை செய்கிற ஓட்டோ எலெக்ட்ரிஷன் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வேறெதையும் தொடும் முன்பே கியர் ஒயிலைப் பார்த்தார். வேன் சூடாக, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து எல் வரை ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, திரும்ப பி-க்கு வந்த பிறகுதான் ஒயில் அளவுகோலை இழுக்க வேண்டும். எஞ்சின் ஒயில் மாதிரி நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு பிழையாகக் காட்டும். வெள்ளைத் துணியில் துடைத்தார். கொஞ்சம் மங்கல் சிவப்பு, கருகல் வாடை இல்லை. பாலும் ரோஸும் கலந்த மாதிரி நிறம் என்றால் ரேடியேட்டருக்குள் இருக்கிற கூலர் வெடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியிருந்தால் பெட்டிக்கு உண்மையிலேயே ஆபத்து. அதுவும் இல்லை.

பிறகு நியூட்ரலிலிருந்து டி-க்குத் தள்ளி, வேன் ஒரு உதறு உதறும்வரை கையில் நேரம் பிடித்தார். டொயோட்டா கணக்கு 1.2 செக்கனுக்குக் குறைவு, ரிவர்ஸுக்கு 1.5. இரண்டுமே அதற்குள் வந்தன. ஒயில் அழுத்தம் குறைந்த பெட்டி இந்த இடத்தில் சோம்பல் காட்டும். பிரேக்கை மிதித்து முழுதாக முடுக்கிப் பார்க்கும் ஸ்டோல் டெஸ்ட்டை அவர் செய்யவில்லை. ஐந்து செக்கனைத் தாண்டினால் ஒயில் கொதித்துவிடும், பழைய பெட்டிக்கு அந்த வதை தேவையில்லை என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அடுத்தது கோட். கியர் கம்பியில் இருக்கிற ஓவர்டிரைவ் (நாலாவது கியர்) பொத்தானை அமத்தினால் டாஷில் “ஓ/டி ஓஃப்” விளக்கு எரிய வேண்டும். பழுது வந்தால் அதே விளக்குத்தான் மின்னிச் சொல்லும். என் வேனில் அது எரியவே இல்லை. டாஷைக் கழற்றினால் பல்ப் இருக்க வேண்டிய ஓட்டை காலி! எனக்கு விற்ற புண்ணியவான் எதை மறைத்தான் என்று அன்றுதான் புரிந்தது.

புதுப் பல்ப் போட்டு, மத்தியான நெரிசலில் மருதானை வரை போய் வந்து, வருத்தத்தை வேண்டுமென்றே வரவழைத்தோம். விளக்கு மின்னத் தொடங்கியது. எஞ்சினை நிறுத்தி, ஓவர்டிரைவ் பொத்தானைச் சரியான நிலையில் வைத்து, பழுது பார்க்கிற டயக்னோசிஸ் கனெக்டரில் டி.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சாவியை ஒன் பண்ணினார். ஆறு மின்னல், ஒரு இடைவெளி, மூன்று மின்னல். 63. இரண்டாம் நம்பர் ஷிப்ட் சொலினாய்டின், அதாவது கியர் மாற்ற ஒயில் வழியைத் திறந்து மூடும் மின்வால்வின், மின்சுற்று. பழுதே இல்லையென்றால் விளக்கு இடைவிடாமல் ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருக்கும்.

அந்தச் சொலினாய்டு வேலை செய்யாவிட்டால் பெட்டி இரண்டையும் மூன்றையும் விட்டுவிட்டு, ஒன்றிலிருந்து நேராக ஓவர்டிரைவுக்குத் தாவும். புதுக்கடை ஏற்றத்தில் முனகியது அதனால்தான்.

சொலினாய்டா, அதற்குப் போகிற வயரா என்பது மிச்சம். வேன் சூடு ஆறுவதற்குள் பெட்டியின் பக்கத்திலுள்ள கனெக்டரைக் கழற்றி, கனெக்டர் பின்னுக்கும் வேனின் பொடிக்கும் (உலோக உடலுக்கும்) இடையில் மீட்டரை வைத்தார். முதலாவது சொலினாய்டு 16 ஓம் அளவில் நின்றது. இரண்டாவதில் மீட்டர் அசையவே இல்லை, சுற்று அறுந்த கணக்கு. மறுநாள் காலை குளிர்ந்த வேனில் அதே பின் 13 ஓம் காட்டியது. இந்த வகைக்கு, குளிர்ந்த நிலையில், 11 முதல் 15 வரை இருக்க வேண்டும். சூட்டில் இரண்டு மூன்று ஓம் கூடுவது செம்புக் கம்பியின் இயல்பு. சுருளுக்குள்ளே எங்கோ முறிந்த கம்பி சூட்டில் விலகுகிறது. காலையில் மட்டும் சோதித்திருந்தால் எல்லாம் சரி என்று வந்திருப்போம்.

கனெக்டரைக் கழற்றிய கையோடு அப்படியே ஓட்டவும் செய்தோம். அப்போது கம்ப்யூட்டருக்குப் பெட்டியில் வேலையில்லை: எல் முதல் கியர், 2-இல் போட்டால் மூன்றாவது, டி-யில் ஓவர்டிரைவ். கையாலேயே மாற்றி மாற்றி ஓட்டினேன், மூன்றிலும் வேன் சுத்தமாக இழுத்தது. அதற்குப் பிறகும் பெட்டி போயிட்டுது என்று யாராவது சொன்னால் நான் கேட்கத் தயாராக இல்லை.

சொலினாய்டு தேடி, பழைய வாகனச் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனோம். புதிது கிடைக்கவில்லை, கழற்றின பெட்டியிலிருந்து எடுத்ததுதான். கடைக்காரர் மேசையில் மீட்டர் வைத்து 12 ஓம் காட்டினார். அண்ணன் விடவில்லை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு கோப்பை கொதிதண்ணி வாங்கி, சாமானைப் பொலித்தீன் பையில் சுற்றி அதில் முக்கிவைத்தார். கடைக்காரர் சிரித்துவிட்டு, “இதென்ன அண்ணே, முட்டையா அவிக்கிறீங்க?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அளந்தோம். 15. காசைக் கொடுத்தோம்.

பூட்டுவதற்குப் பெட்டியை இறக்க வேண்டியதில்லை, அடித்தட்டைக் கழற்றினால் போதும். தட்டின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசைதான் ஒட்டியிருந்தது, அது எந்தப் பெட்டியிலும் இருக்கும். உலோகச் சீவலோ கறுப்புத் தகட்டுத் துணுக்கோ கிடைத்திருந்தால் கதை வேறு. ஒயில் வடிகட்டியை மாற்றி, வடிந்த அளவுக்குப் புது ஒயில் விட்டோம். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள டோர்க் கன்வேட்டருக்குள் நிற்கிற பழசு இப்படி வராது, அதனால் சில வாரம் ஓட்டிவிட்டு இன்னொரு தரம் வடித்து மாற்றினேன்.

இப்போது மத்தியானத்திலும் நாலு கியரும் வரிசையாக விழுகின்றன. பேலியகொடைப் பக்கம் கொஞ்சம் வேகமெடுத்தால் லொக்-அப் (கன்வேட்டரை நேராகப் பூட்டும் கிளச்) பிடிக்கிற இடத்தில் ஒரு சின்ன அதிர்வு இருக்கிறது. அது முன்பும் இருந்தது. அடுத்த ஒயில் மாற்றத்தோடு பார்க்கலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.