கல்யாணக் கார்டில் கூட்டெழுத்து

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் கார்ட் மாதிரிகளைப் புரட்டினால், மணமக்களின் ஆங்கிலப் பெயர் எட்வர்டியன் ஸ்கிரிப்ட், கிரேட் வைப்ஸ் போன்ற ஃபொன்ட்களின் கூட்டெழுத்தில், அதாவது ஒன்றோடொன்று தொடுத்த சாய்வெழுத்தில், கொடியோடி இருக்கும். திரையில் அழகுதான். அச்சில் முதலில் தொலைவது அதன் மயிரிழைக் கோடு.

தங்கப் பொயில் (மினுங்கும் மெல்லிய தாள்) அடிப்பதானால் அந்தக் கோடு 0.25 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது. பெயரைக் கடைசி அளவில் வைத்து, கேர்வ்ஸ் ஆக்கி (எழுத்தை வெறும் வரைவடிவமாக மாற்றி), 0.25 மி.மீ. சதுரம் ஒன்றை வரைந்து 'எம்'மின் மேலேறும் கோட்டில் வையுங்கள். சதுரம் வெளியே பிதுங்கினால் கோடு போதாது. பெயரைப் பெரிதாக்குவதுதான் சரியான வைத்தியம். 5க்கு 7 அங்குலக் கார்டில் 36 பொயின்ட் ஒன்றும் அதிகமில்லை. இடமே இல்லையென்றால் அதே நிறத்தில் 0.1 மி.மீ. அவுட்லைன் கொடுக்கலாம். அதைத் தாண்டினால் ஆங்கிலச் சிம்பிள் (சின்ன) 'ஈ'யின் கண் அடைபட்டு, பொயில் அங்கே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். சொரசொரப்பான கார்ட் என்றால் பள்ளங்களில் பொயில் பிடிக்காது, கோடு விட்டுவிட்டு வரும்.

தகட்டில் மை பூசி அடிக்கும் ஒஃப்செட் அச்சில் சிக்கல் வேறு. மரூனை நான்கு நிறமாகப் பிரித்தால் மெல்லிய கோடு புள்ளி புள்ளியாக உடையும். தகடு இம்மியளவு விலகினாலும் ஓரத்தில் நிழல் விழும். மையைத் தனியாகக் கலந்து ஒரே தகட்டில் அடிக்கச் சொல்லுங்கள்.

எழுத்திடைவெளியைப் பூச்சியத்தில் விடுங்கள். இன்டிசைன் மென்பொருளில் கேர்னிங் (எழுத்துச் சோடிகளின் இடைவெளி) ஒப்டிகலில் இருந்தால், ஃபொன்டிலேயே உள்ள அளவை எடுக்கும் மெட்ரிக்ஸுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் இணைப்புகள் அறும். லேசரில் வெட்டக் கொடுப்பதானால் எழுத்துகளை வெல்ட் செய்தே (ஒரே வடிவமாக இணைத்தே) கொடுக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகளை இயந்திரம் அப்படியே வெட்டி, பெயரைத் துண்டு துண்டாகக் கையில் தரும்.

நம் பெயர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. சிவசுப்பிரமணியம் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் கடைசி நாலு எழுத்தும் சீப்புப் பல்லாகத் தெரியும். அதற்கு முன்னால் இரண்டு இனிஷலையும் சுருள் கப்பிட்டலில் போட்டால் ஒன்றின் வால் மற்றதன் கழுத்தைச் சுற்றும். இனிஷலும் பட்டமும் சாதாரண நேரெழுத்தில், பெயரின் பாதி அளவில் இருக்கட்டும். முழுக் கப்பிட்டலில் கூட்டெழுத்து எந்த நாளும் வேண்டாம். மண்டப முகவரிக்கும் வேண்டாம், வயதானவர்கள் வாசிக்க வேண்டுமே.

தமிழ்ப் பக்கத்துக்குச் சாய்வு வேண்டுமென்றால், இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர் என்ற ஃபொன்ட் கூகுள் ஃபொன்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது. வலிந்து சாய்த்த தமிழை விட எவ்வளவோ மேல். ஆனால் அது யூனிகோட். கார்ட் வாசகம் யூனிகோட் அல்லாத பழைய ஃபொன்டான பாமினியில் தட்டப்பட்டிருந்தால், ஃபொன்டை மாற்றிய கணமே 'திருமணம்' மறைந்து, ஜே, பி, யு என்று ஆங்கில எழுத்துக் குவியல் வந்து நிற்கும். பாமினியில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துகளுக்குப் போட்ட வேஷம். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, கொம்பும் புள்ளியும் இடம் மாறவில்லையா என்று ஒருமுறை வாசித்துவிட்டு, அதன் பிறகு கவிவாணரைப் போடுங்கள்.