பெரிய கலெக்டரு

எங்க ஊர்ல யாராச்சும் கொஞ்சம் பந்தாவா நடந்தா உடனே வர்ற டயலாக் "ஆமா, இவரு பெரிய கலெக்டரு"ங்கிறதுதான். டாக்டர், எம்எல்ஏ, ஜட்ஜ்னு யாரையும் அப்படி இழுக்க மாட்டாங்க. மழை நேரத்துல ஸ்கூல் பசங்க ராத்திரி பதினோரு மணி வரைக்கும் போனை வச்சுக்கிட்டு தேடுற ஒரே அதிகாரியும் கலெக்டர்தான், லீவு விட்டா தெய்வம், விடலைன்னா அடுத்த நாள் பூரா அவருக்கு மீம்ஸ்ல அர்ச்சனை.

எனக்கும் கலெக்டர்னா அவ்வளவுதான் தெரியும், போன வருஷம் அம்மாவோட மனு குடுக்க போற வரைக்கும்.

விஷயம் பெருசு ஒண்ணும் இல்ல. தாத்தா அம்மாவுக்கு எழுதிக் குடுத்த 42 சென்ட் நிலம் கூட்டுப் பட்டாவுல கிடக்கு, அதை அளந்து உட்பிரிவு பண்ணி அம்மா பேர்ல தனிப்பட்டாவா மாத்தணும். பணம் கட்டியாச்சு, சர்வேயர் "இந்த வாரம் வர்றேன்"னு சொல்லி சொல்லி ஒன்றரை வருஷம் ஆயிடுச்சு, தாலுகா ஆபீஸ் போனா விஏஓவ பாருங்கன்னு சொல்றாங்க, விஏஓவ பாத்தா தாலுகா ஆபீஸ்ல ஃபைல் இருக்குங்கிறாரு. கடைசியா பக்கத்து வீட்டு பெரியப்பா ஒருத்தர்தான் "திங்கக்கிழமை கலெக்டர்கிட்ட ஒரு மனு போட்டு விடு தாயி, அப்பதான் அசைவானுக"ன்னு சொன்னாரு.

திங்கக்கிழமைன்னா மக்கள் குறைதீர்க்கும் நாள், எல்லா மாவட்டத்துலயும் நடக்கும். நாங்க ஒம்போது மணிக்கே போயிட்டோம், அதுக்குள்ள காம்பவுண்ட் பூரா கூட்டம். வேப்ப மரத்தடியில நாலஞ்சு பேரு அட்டைய மடியில வச்சுக்கிட்டு மனு எழுதிக் குடுத்துட்டு இருந்தாங்க, ஒருத்தர் அம்மா சொன்ன கதைய ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு "மேற்படி புல எண்ணில் கண்ட நிலத்தை"ன்னு ஆரம்பிச்சு கடகடன்னு ஒரு பக்கம் எழுதி முடிச்சாரு பாருங்க, அசந்துட்டேன். அம்மாவோட ஒன்றரை வருஷ அலைச்சல் அந்த ஒரு பக்கத்துல அடங்கிடுச்சு.

ஆனா மனசுல நிக்கிறது அது இல்ல, கேட்ல நடந்தது. போலீஸ் அம்மா ஒருத்தங்க ஒவ்வொருத்தர் பையா திறந்து பாத்தாங்க, எங்க வாட்டர் பாட்டில் மூடிய கழட்டி மோந்து பாத்துட்டு திருப்பிக் குடுத்தாங்க. அம்மாவுக்கு ஒண்ணும் புரியல, எனக்கு புரிஞ்சுது. 2017 அக்டோபர்ல திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல கந்துவட்டி கொடுமைக்கு பல தடவ மனு குடுத்தும் ஒண்ணும் நடக்காத ஒரு குடும்பம், ரெண்டு சின்ன குழந்தைங்களோட சேத்து தீ வச்சுக்கிட்டாங்களே, அந்த போட்டோவ பாத்தவங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அம்மாகிட்ட "தண்ணி நல்ல தண்ணியான்னு பாக்குறாங்கம்மா"ன்னு சொல்லி வச்சேன்.

க்யூல ரெண்டரை மணி நேரம் உக்காந்திருந்தப்ப ஒரு கேள்வி உள்ள ஓடிட்டே இருந்துச்சு. கலெக்டர்னா என்ன அர்த்தம்? கலெக்ட் பண்றவர். எதை? வரிய. வரி வசூல் பண்ண வந்த ஆளுகிட்ட நம்ம ஏன் பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் தண்ணிக்கும் சுடுகாட்டு பாதைக்கும் மனு குடுக்குறோம்? வீட்டுக்கு வந்து ஒரு மாசம் இதையேதான் படிச்சுட்டு இருந்தேன், அதான் இந்த போஸ்ட்.

இந்த பதவிய ஆரம்பிச்சது வெள்ளைக்கார கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ், 1772ல, வங்காளத்துல. 1765லயே கிழக்கிந்திய கம்பெனிக்கு அங்க வரி வசூல் பண்ற உரிமை வந்துடுச்சு, அந்த பணத்த நேரா வாங்குறதுக்கு ஜில்லாவுக்கு ஒரு வெள்ளைக்காரன் வேணும், அவ்வளவுதான் ஐடியா. அடுத்த வருஷமே வேண்டாம்னு எடுத்துட்டு அப்புறம் திரும்ப கொண்டு வந்தாங்க. 1793ல கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், வரி வாங்குறவனே நீதிபதியாவும் இருந்தா யாரு கேக்குறதுன்னு ரெண்டையும் பிரிச்சு விட்டாரு. நியாயமான யோசனைதான்.

நம்ம பக்கம் கதை வேற மாதிரி போச்சு. 1792ல திப்பு தோத்து ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தம் போட்டப்ப சேலம், பாராமஹால் பகுதியெல்லாம் கம்பெனிக்கு வந்துச்சு, பாராமஹால்னா கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கம். அங்க அனுப்புனது அலெக்சாண்டர் ரீட்ங்கிற மிலிட்டரி ஆள, அவருக்கு அசிஸ்டன்ட்டா போனவருதான் தாமஸ் மன்றோ. ஜமீன்தார் மாதிரி இடைத்தரகர் இல்லாம ஒவ்வொரு விவசாயிகிட்டயும் நேரா நிலத்த அளந்து தரம் பிரிச்சு வரி போடுற ரயத்வாரி முறை அங்கதான் உருவாச்சு. இந்த பாயிண்ட்ட கொஞ்சம் நின்னு பாக்கணும். ஜமீன்தார்கிட்ட மொத்தமா வாங்குறதா இருந்தா கலெக்டருக்கு ஊர்ல என்ன வேலை? ஒவ்வொரு வயலுக்கும் கணக்கு வேணும்னா சர்வே நம்பர் வேணும், ஊர்க் கணக்கு எழுத கர்ணம் வேணும், தாசில்தார் வேணும், வெள்ளாமை விளைஞ்சுச்சா இல்லையான்னு பாக்க கலெக்டரே ஊர் ஊரா வரணும். அம்மாவோட 42 சென்ட்டுக்கு ஒரு புல எண் இருக்கிறதே அந்த வழியில வந்ததுதான்.

கலெக்டர் அப்ப கூடாரத்தோட கிளம்பி ஊருக்கு ஊரு கேம்ப் போடுவாராம். இன்னைக்கு கூடாரமும் இல்ல குதிரையும் இல்ல, ஆனா கலெக்டர் வீட்டோட இருக்கிற ஆபீஸுக்கு பேரு கேம்ப் ஆபீஸ், "அய்யா கேம்ப்ல இருக்காங்க"ன்னு எந்த ஆபீஸ்ல சொன்னாலும் இன்னைக்கு பாக்க முடியாதுன்னு நமக்கு புரிஞ்சுடும்.

அப்புறம் மன்றோ மெட்ராஸ் மாகாணத்துல ஒரு பெரிய காரியம் பண்ணாரு. காரன்வாலிஸ் பிரிச்சு வச்சத, ஊர்ல பிரச்சனைன்னா ஜனங்க எத்தன வாசல் ஏறுவாங்கன்னு சொல்லி, 1816 சட்டங்கள் மூலமா போலீஸ், மாஜிஸ்ட்ரேட் அதிகாரத்தையும் கலெக்டர் கையிலயே குடுக்க வச்சாரு. வரியும் தடியும் ஒரே கையில. பெரியப்பா "கலெக்டர்கிட்ட போடு"ன்னு சொன்னதோட வேர் இங்கதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன், ஒரே ஆள் கையில எல்லாத்தையும் குடுத்துட்டா ஜனங்க அவர்கிட்டதான போவாங்க. இது நல்லதா கெட்டதான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு ரெண்டு மனசுதான்.

கலெக்டரைப் பாக்க அலையிறதும் புதுசு இல்ல. 1798ல ராமநாதபுரம் கலெக்டர் ஜாக்சன் வரி பாக்கி விஷயமா கட்டபொம்மனை வரச் சொல்லிட்டு, அவரு வர வர இவரு அடுத்த ஊருக்கு கிளம்பிக்கிட்டே இருந்தாரு. குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரின்னு பின்னாடியே போய் கடைசியா செப்டம்பர்ல ராமநாதபுரத்துலதான் பாக்க முடிஞ்சுது, அங்கயும் உக்கார விடாம நிக்க வச்சே பேசி, அது கைகலப்பாகி ஆளு செத்து போற அளவுக்கு போயிடுச்சு. நமக்கெல்லாம் அந்த சீன் வசனமா மனப்பாடம். வசனத்துல வராத பாதி என்னன்னா, கட்டபொம்மன் மெட்ராஸுக்கு முறையா எழுதிப் போட்டாரு, கம்பெனி விசாரணை கமிட்டி வச்சுது, ஜாக்சன் மேலதான் தப்புன்னு அவர பதவியில இருந்து தூக்குனாங்க. கலெக்டருக்கு எதிரா போட்ட மனு ஜெயிச்சது! ஆனா அடுத்து கலெக்டரா வந்த லூஷிங்டன் காலத்துல 1799 அக்டோபர் 16ல கயத்தாறுல கட்டபொம்மனை தூக்குல போட்டுட்டாங்க. ஆளு மாறுனாலும் நாற்காலி அதே நாற்காலிதான்.

இன்னொரு பக்கம் பாத்தா இதே வெள்ளைக்கார கலெக்டருங்க நம்ம கோயில் கதைக்குள்ள வந்து உக்காந்திருக்காங்க, எனக்கு இது ரொம்ப புடிச்ச ஏரியா. மதுரைல ரவுஸ் பீட்டர்னு ஒருத்தர், ஜனங்க வச்ச பேரு பீட்டர் பாண்டியன். ராத்திரி இடி மழையில ஒரு சின்ன பொண்ணு வந்து கூப்பிட்டு வெளிய போனாராம், அவரு வெளிய வந்ததும் தூங்கிட்டு இருந்த இடத்துல இடி விழுந்துச்சாம், வந்தது மீனாட்சின்னு நம்பி அம்மனுக்கு கல்லு பதிச்ச தங்க அங்கவடி, அதாவது குதிரை ஏற கால் வைக்கிற வளையம், செஞ்சு குடுத்தாரு. கதைய நம்புறதும் விடுறதும் உங்க இஷ்டம், அங்கவடி கோயில்ல இருக்கு. மதுராந்தகத்துல ஏரி உடையாம ராமரே காவல் நின்னாருங்கிற ஏரி காத்த ராமர் கதையில வர்றது செங்கல்பட்டு பக்கம் கலெக்டரா இருந்த லயோனல் பிளேஸ். பவானி கோயில்ல வேதநாயகி அம்மனுக்கு தந்தக் கட்டில் குடுத்தது கோயம்புத்தூர் கலெக்டர் வில்லியம் காரோ, 1804ல. மன்றோவுக்கு மந்த்ராலயத்துல ராகவேந்திரர் காட்சி குடுத்தார்னு ஒரு கதை. அந்த மன்றோ சிலை இன்னைக்கும் சென்னை மவுண்ட் ரோட்ல குதிரை மேல இருக்கு, அதுல அங்கவடியே கிடையாது, மதுரைக்காரர் மொத்தமா வாங்கிட்டாரு போலன்னு நான் பிரெண்ட்ஸ்கிட்ட காமெடி பண்றது உண்டு.

வரிக்காரன கும்பிடவும் செஞ்சிருக்காங்க, சுடவும் செஞ்சிருக்காங்க. 1911 ஜூன் 17ல மணியாச்சி ஸ்டேஷன்ல வாஞ்சிநாதன் சுட்டது திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரைய.

சுதந்திரத்துக்கு அப்புறம் வெள்ளைக்காரன் காலத்து ஐசிஎஸ் போய் ஐஏஎஸ் வந்துச்சு, நாற்காலி போகல. சொல்லப்போனா வேலை தலைகீழா மாறிடுச்சு, ஜனங்ககிட்ட வாங்குறவரு ஜனங்களுக்கு குடுக்குறவரா ஆயிட்டாரு. 1951 பேட்ச் அன்னா ராஜம் நம்ம மெட்ராஸ் கேடர், சுதந்திர இந்தியாவோட முதல் பெண் ஐஏஎஸ் அதிகாரி. பொம்பளப் பிள்ளைக்கு சட்டம் ஒழுங்கு வேலை எதுக்கு, செக்ரட்டேரியட்லயே உக்காரட்டுமேன்னு ராஜாஜி முதல்ல தயங்குனாராம், அந்தம்மா விடல, ஓசூர்ல சப் கலெக்டரா போனாங்க. இன்னைக்கு எந்த மாவட்டத்துலயும் லேடி கலெக்டர்னா யாரும் திரும்பிக்கூட பாக்குறது இல்ல.

1956ல 13 மாவட்டமா இருந்தது இப்ப 38. ஒவ்வொரு கலெக்டர் தலையிலயும் என்னென்ன இருக்கு பாருங்க, எலக்சன் வந்தா மாவட்ட தேர்தல் அதிகாரி, வெள்ளம் வந்தா மீட்பு, கலவரம்னா 144, அது புது சட்டத்துல 163 ஆயிடுச்சு, ஆனா ஊர்ல எல்லாருக்கும் 144தான். ஜல்லிக்கட்டு, துப்பாக்கி லைசென்ஸ், தியேட்டர் லைசென்ஸ், குண்டாஸ் உத்தரவு, ரேசன் கடை திறப்பு விழா, அதுக்கு நடுவுல திங்கக்கிழமை நாங்க.

எங்க டர்ன் வந்துச்சு. வெள்ளை டிரஸ்ல குறுக்கால சிவப்பு பட்டையும் பித்தளை வில்லையும் போட்ட தபேதார் "சீக்கிரம் சொல்லுங்கம்மா"ன்னு மெதுவா முடுக்குனாரு. கலெக்டருக்கு என்னைவிட வயசு கம்மியா இருக்கும். "சொல்லுங்கம்மா"ன்னாரு. அம்மா ராத்திரி பூரா பேசிப் பாத்தது எல்லாம் மறந்துபோய் "அய்யா, அளக்க வர மாட்டேங்குறாங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. அவரு மனுவ பாத்தாரு, ஓரத்துல ரெண்டு வார்த்தை எழுதுனாரு, பக்கத்துல இருந்த அதிகாரிகிட்ட நீட்டுனாரு. அரை நிமிஷம் கூட இருக்காது. பதிவு நம்பரோட ஒரு சீட்டு குடுத்தாங்க.

அந்த ரெண்டு வார்த்தை என்ன மந்திரம்னு நான் எட்டிப் பாத்தேன். தாசில்தாருக்கு அனுப்பச் சொல்லி இருந்துச்சு. அதாவது கலெக்டர்கிட்ட இருந்து கோட்டாட்சியர் ஆர்டிஓ, அங்க இருந்து தாசில்தார், அப்புறம் வருவாய் ஆய்வாளர் ஆர்ஐ, அப்புறம் எங்க விஏஓ. சுத்தி சுத்தி சுப்பன் கொல்லைக்கே. பஸ்ல வர்றப்ப எனக்கு எரிச்சல், அம்மாவுக்கு சந்தோஷம். "கலெக்டரே வாங்கிட்டாருடா"ன்னு ரெண்டு தடவ சொன்னாங்க.

அம்மாதான் கரெக்ட். மூணாவது வாரம் விஏஓ போன் பண்ணி "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆகாதா, கலெக்டர் வரைக்கும் போவீங்களா"ன்னு குறைபட்டாரு. அதே மனு, அதே நிலம், அதே ஆளு, மேல போய் கீழ வந்ததுல பேப்பருக்கு வெயிட் ஏறிடுச்சு. புதன்கிழமை சர்வேயர் வந்தாரு, தலையாரி கல்லு ஊனுனாரு, பக்கத்து வயக்காரர் ஒரு அடிக்கு சண்டை போட்டு அடங்குனாரு. அடுத்த மாசம் அம்மா பேர்ல பட்டா வந்துச்சு.

பட்டா காப்பிய குடுத்துட்டு விஏஓ கிளம்புறப்ப திரும்பி நின்னு, "அம்மா, இந்த பசலிக்கு கிஸ்து பாக்கி இருக்கு, கட்டிருங்க"ன்னாரு. கிஸ்துன்னா நிலவரி. அம்மா பதறிப்போய் எவ்வளவுன்னு கேட்டாங்க. அவரு சொன்ன தொகைக்கு எங்க ஊர்ல ஒரு டீயும் வடையும்தான் வரும். அம்மா முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த சில்லறைய எடுத்து குடுத்தாங்க, அவரு ரசீது கிழிச்சு குடுத்தாரு.