சிலிண்டர் எந்த வாசல் வரை?

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் பெரிய வாக்குவாதம். சிலிண்டர் கொண்டு வந்த தம்பி 50 ரூபாய் கேட்டார் என்று மூன்றாவது மாடிக்காரர் எழுதினார். உடனே ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருவர், ஒரு பைசா கொடுக்காதீர்கள், புகார் செய்யுங்கள் என்றார். இன்னொருவர், நான் எப்போதும் 100 கொடுப்பேன், அடுப்பைப் பற்றவைத்துக் காட்டிவிட்டுத்தான் போவார் என்றார். இவர்களுக்குப் பதில் சொல்ல நினைத்தேன். எழுத எழுத நீண்டுவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு கேஸ் ஏஜென்சியில் பல வருடம் கவுன்டரில் இருந்தவள். புது இணைப்பு, பெயர் மாற்றம் எல்லாம் பார்த்தாலும், பாதி நாள் புகார் கேட்பதிலேயே போய்விடும். டெலிவரிக்காரர்களைப் பற்றி வீட்டுக்காரர்கள் சொல்வதும் என் காதில்தான் விழும், வீட்டுக்காரர்களைப் பற்றி டெலிவரிக்காரர்கள் சொல்வதும் என் காதில்தான் விழும்.

விதி என்று பார்த்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள் என்றவர் சொல்வது சரிதான். பில்லில் இருக்கும் தொகைக்குள்ளேயே டெலிவரிக் கட்டணமும் அடங்கிவிடுகிறது. வீட்டு வாசல் வரை கொண்டு வந்து கொடுக்க வேண்டும், அது எத்தனையாவது மாடியாக இருந்தாலும். நீங்களே குடோனுக்குப் போய் எடுத்து வந்தால் அந்தக் கட்டணத்தைக் கழித்துத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் அந்தக் கட்டணம் சுமப்பவர் கைக்கு எவ்வளவு போகிறது? நான் இருந்த இடத்தில் மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. சிலிண்டருக்கு இவ்வளவு என்று ஏதோ கொஞ்சம். ஆள் எடுக்கும்போதே முதலாளி, "நான் கொடுக்கறது கம்மிதான், வெளியில கிடைக்கும்" என்று சொல்லிவிடுவார். வெளியில் என்றால் உங்கள் வீட்டு வாசலில். அங்கே அந்தத் தம்பி கேட்ட 50 ரூபாய், முதலாளி கொடுக்காமல் விட்ட கூலி. வீட்டுக்காரரும் டெலிவரிக்காரரும் படிக்கட்டில் நின்று சண்டை போடுகிறார்கள். சண்டைக்கு உரிய மூன்றாவது ஆள் அங்கே இருப்பதே இல்லை. இது எனக்கு அன்றைக்கும் கோபம்தான், இன்றைக்கும் கோபம்தான்.

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். காலி சிலிண்டரே 15, 16 கிலோ வரும். ஆக ஏறும்போது தோளில் 30 கிலோ, இறங்கும்போது அதில் பாதி. ஸ்ரீரங்கத்தில் தேர் நாள் என்றால் இன்னும் கஷ்டம். தை மாதம் உத்தர வீதிகளில் தேர், சித்திரையில் சித்திரை வீதிகளில் தேர். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். சிலிண்டர் ஏற்றி வரும் குட்டியானை வண்டி உள்ளே வர முடியாது. எங்கேயோ நிறுத்திவிட்டு, கூட்டத்துக்கு நடுவே ஒவ்வொன்றாகச் சுமந்து போவார்கள். அன்றைக்கும் போன் வரும், "காலையிலேர்ந்து காத்துண்டிருக்கேன், இன்னும் வரலையே" என்று.

சரி, அவர் எது வரை செய்ய வேண்டும்? அதில் எனக்கு ஒரு கோடு இருக்கிறது. பாதுகாப்பு சம்பந்தப்பட்டது எல்லாம் அவர் வேலை. அதில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது, அதற்குக் காசும் வாங்கக் கூடாது. மற்றது எதுவும் அவர் வேலை இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அவர் வேலை எதுவோ அதை யாரும் கேட்பதில்லை. எடை போட்டுக் காட்டச் சொல்லி எத்தனை பேர் கேட்கிறார்கள்? அவர்களிடம் தொங்கு தராசு இருக்க வேண்டும். சிலிண்டரின் மேல் பகுதியில் காலி எடை எழுதியிருக்கும். அது 15.3 என்றால் மொத்தம் 29.5 இருக்க வேண்டும். அதே இடத்தில் கம்பியின் உள்பக்கம் ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும். A என்றால் ஜனவரி முதல் மார்ச், B ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே D வரை. D-26 என்றால் 2026 டிசம்பருக்குள் அந்த சிலிண்டர் மறு சோதனைக்குப் போக வேண்டும். தேதி தாண்டியது வந்தால் வாங்காதீர்கள்.

அப்புறம் கசிவு. சீலை உங்கள் கண் முன்னால் உடைத்து, மூடியைக் கழற்றி, வால்வுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா, கேஸ் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம்கூடத் தராமல், வச்சுட்டுப் போங்க என்று கதவைச் சாத்துகிறவர்கள்தான் அதிகம். வாஷர் இல்லை, வாசனை வருகிறது என்று சாயங்காலம் ஏஜென்சிக்குப் போன் செய்வார்கள். (கசிவு என்றால் ஏஜென்சிக்குக் காத்திருக்க வேண்டாம். ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல், ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்குக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள்.)

போனுக்கு வரும் டெலிவரி எண்ணையும் சிலிண்டர் உள்ளே வந்து, இதெல்லாம் பார்த்த பிறகே சொல்லுங்கள். கீழே இருந்தபடியே போனில் கேட்டால் சொல்லாதீர்கள்.

ரெகுலேட்டர் மாட்டிக் கொடுப்பது? வயதானவர்கள், கை நடுங்குகிறவர்கள், முதல் தடவை மாட்டுகிறவர்கள் கேட்டால் அவர் மாட்டித்தான் தர வேண்டும் என்பேன். அதுவும் பாதுகாப்புதான். சமையலறையை ஒட்டியே பூஜை அலமாரி இருக்கிற வீடுகள் ஸ்ரீரங்கத்தில் எத்தனையோ. விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஊதுபத்தி புகைந்துகொண்டிருக்கும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படரும். விளக்கை அணைக்கச் சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும்.

இப்போது பெரியண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏஜென்சியில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். உத்தர வீதிப் பக்கம் முழுக்க அவர் லைன். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், தாத்தா பாட்டி மட்டும் இருக்கிற வீடுகள் அதிகம். பெரியண்ணன் சிலிண்டர் மாட்டுவார், அப்படியே பரணிலிருந்து பாத்திரம் எடுத்துக் கொடுப்பார், பல்பு மாட்டுவார், போகிற வழியில் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய் மறுநாள் மாத்திரையோடு வருவார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது. "எங்கம்மா இருந்தா செய்ய மாட்டேனா" என்பார். அவ்வளவு நல்ல மனுஷன்.

அவருக்கு முட்டி தேய்ந்து ஆபரேஷன் ஆனபோது அந்த லைனுக்கு இருபது வயதுத் தம்பி ஒருவர் வந்தார். எடை போட்டுக் காட்டுவார், சீல் உடைத்துப் பார்ப்பார், மாட்டிக் கொடுப்பார், மரியாதையாகப் பேசுவார். இதற்கு மேல் என்ன வேண்டும்? முதல் மாதமே புகார்கள். "பெரியவர் கிரைண்டரை நகர்த்தித் தருவார், இந்தப் பையன் முடியாதுங்கறான்." "மாத்திரை வாங்கிண்டு வான்னா முழிக்கறான்." முதலாளி விசாரிக்கவே இல்லை. புகார் நோட்டில் எத்தனை வரி என்று பார்த்தார், அந்தத் தம்பியின் கூலியில் பிடித்தார். நான் போய், "சார், இதெல்லாம் சிலிண்டர் புகாரே இல்ல" என்றேன். "கஸ்டமர் சந்தோஷமா இருக்கணும்மா" என்றார்.

ஒருவர் அன்பினால் செய்தது, அடுத்தவருக்குக் கடமையாகிவிட்டது. பெரியண்ணன் செய்ததில் குற்றமில்லை. அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டு மற்றவரை அளந்தோமே, அதுதான் அநியாயம். இன்று சாப்பாடு கொண்டு வரும் பிள்ளைகளிடமும் இதையே பார்க்கிறேன். மழையில் நனைந்து வந்தவரிடம் "கீழே கடையில் ஒரு தயிர் பாக்கெட்" என்கிறார்கள். முடியாது என்றால் அவருடைய நட்சத்திரம் குறைகிறது. அடுத்த ஆர்டர் வருவதும் வராததும் அந்த நட்சத்திரத்தைப் பொறுத்து என்றால், முடியாது என்று எப்படிச் சொல்வார்?

அந்த மாமிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். கூப்பிட்ட குரலுக்கு வீட்டுக்குள் வருகிற ஒரே ஆள் கேஸ்காரர்தான் என்று ஆகிவிட்டது, அதனால் கேட்டார்கள். அவர்களுக்கு பல்பு மாட்ட ஆள் வேண்டும்தான். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாம் இருக்கிறோம். இன்னும் நாற்பது வீட்டுக்குச் சிலிண்டர் சுமக்க வேண்டியவரிடம் அதைக் கேட்கக் கூடாது.

மாடி வீடுகளில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு யோசனை. 10 கிலோ காம்போசிட் சிலிண்டர் என்று இண்டேனில் இருக்கிறது. இரும்பு கிடையாது, அதனால் எடை நன்றாகக் குறையும், துருப்பிடித்துத் தரையில் கறையும் படியாது. வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே கேஸ் எவ்வளவு மிச்சம் என்றும் தெரியும். டெபாசிட் கொஞ்சம் கூடுதல், எல்லா ஏஜென்சியிலும் கிடைக்காது. இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். உங்கள் இரும்பு சிலிண்டரைக் கொடுத்துவிட்டு, டெபாசிட் வித்தியாசத்தைக் கட்டினால் மாற்றித் தருவார்கள். அப்படிக் கேட்கப் போகும்போது, எங்கள் தெருவுக்கு வருபவருக்கு மாடிக்கு ஏற என்ன கூலி கொடுக்கிறீர்கள் என்றும் கவுன்டரில் கேளுங்கள். அதை எழுதியே கொடுங்கள். நான் இருந்த வருடங்களில் புகார் நோட்டில் அப்படி ஒரு வரியை ஒருவரும் எழுதவில்லை.